கை வைக்கும் முன்

முதல் நாள் - மயிலாடி

ஆரல்வாய்மொழி வந்ததும் காற்றே எழுப்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள், அதற்குப் பின்னால் மேகம் மூடிய மலை. இருபத்திரண்டு வருஷமாகச் சத்தீஸ்கரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை டாக்டராக இருக்கிறேன். ஊருக்கு வருவது கிறிஸ்துமஸுக்குத்தான். இந்த வருஷம் ஐப்பசி மழையிலேயே கிளம்பி வந்ததற்குக் காரணம் பெரியம்மா. ஆறு நாள் லீவு. பெரியம்மாவைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளாகப் போகணும் என்று நினைத்திருந்த சில இடங்களுக்கும் போய்வர எண்ணம். அன்றன்றைக்கு ராத்திரி இங்கே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு அண்ணன் மகன் பைக்கோடு வந்திருந்தான். ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு நீட் எழுதப் படித்துக்கொண்டிருக்கிறான். "சித்தப்பா, நேரா பாட்டி வீட்டுக்கா, இல்ல குளிச்சிட்டா?" என்று கேட்டான். நேராகவே போனோம்.

மயிலாடியில் பெரியம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி சிற்பக்கூடம். காலையில் ஆரம்பிக்கிற உளிச் சத்தம் பொழுது சாயும்வரை ஓயாது. சின்ன வயதில் லீவுக்கு இங்கே வந்தால் அந்தச் சத்தத்தில்தான் மத்தியானத் தூக்கம். பெரியம்மா முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். வயிறு உப்பி, கையும் காலும் ஈர்க்குச்சி போல இருந்தன. கல்யாணத்தில் போட்ட ஒற்றை வளையல் முழங்கை வரை நழுவுகிறது என்று அதில் நூல் சுற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளை நூல் எண்ணெய்ப் பிசுக்கில் பழுப்பாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தார்கள், முடியவில்லை.

அண்ணன், அதாவது பெரியம்மாவின் மூத்த மகன், என்னை அடுக்களைப் பக்கம் கூட்டிப் போய் ரிப்போர்ட்டைத் தந்தார். சினைப்பையில் புற்று, வயிற்றுக்குள் பரவியிருக்கிறது, நீர் கோத்திருக்கிறது. "அம்மைக்கு ஒண்ணும் தெரியாது. வயித்துல நீர், மாத்திரையில வடிஞ்சிரும்னு சொல்லியிருக்கோம். நீ வாய் தவறிச் சொல்லிராத. கேட்டா அன்னைக்கே உயிர் போயிரும்" என்றார். அண்ணன் கண் கலங்கியிருந்தது.

திரும்பி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். பெரியம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, எனக்கு என்னதாக்கும்?" என்றார்கள்.

"ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு சொல்லுறேன் பெரியம்மா" என்றேன். பார்த்து முடித்திருந்தேன்.

அண்ணன் மகன் அந்த நேரம் முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்கேன் படத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டில் பக்கம் வரவே இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அப்படித்தான் படிக்க வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் மழை விட்டதும் மயிலாடி ஆலயம் வரை நடந்து போனேன். 1806-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மன் மிஷனரி திருவிதாங்கூருக்குள் வந்தார். அவரைக் கேட்டு வரவழைத்தவர் இந்த ஊர்க்காரர் வேதமாணிக்கம். 1809-இல் இங்கே ஆலயம் வந்தது. ரிங்கல்தௌபே வந்து முப்பத்திரண்டு வருஷம் கழித்துத்தான் மிஷனின் முதல் டாக்டர் நெய்யூருக்கு வந்தார். அது நாலாம் நாள் கதை.

இரண்டாம் நாள் - சாமித்தோப்பு

மயிலாடியிலிருந்து சாமித்தோப்பு பக்கந்தான். ஆனாலும் எனக்கு இதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் அந்த வழியாகப் பஸ் போனால்கூடப் பேச்சை மாற்றிவிடுவார்கள். சாமித்தோப்பில் அய்யாவழியை ஆரம்பித்த அய்யா வைகுண்டர் காலத்து மிஷனரிகள் லண்டனுக்கு அனுப்பிய அறிக்கைகளில் அவரைப் பற்றிக் கடுமையாக எழுதினார்கள். அந்தக் கசப்பு நூற்றைம்பது வருஷம் கழித்தும் எங்கள் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகணும். வேறு கோயிலில் தலைத்துணியை அவிழ்ப்பார்கள், இங்கே கட்டச் சொல்கிறார்கள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் தலையில் துணி கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த நாட்டில் ஒருவர் தன் ஆட்களை நிமிர்ந்து நிற்க வைத்தார் என்றால், அதன் கனத்தை நான் தலைப்பாகை கட்டிக்கொண்டபோதுதான் உணர்ந்தேன். மேலாடை உரிமையை அரசு ஒப்புக்கொண்டதே 1859-இல்தான். இன்ன சாதி இன்ன சாதியிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்கணும் என்ற கணக்கு அதற்குப் பிறகும் நடந்தது. பக்கத்துச் சுசீந்திரம் கோயில் தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. கோயிலுக்குள் விட்டது 1936-இல்.

முத்திரிக்கிணற்றில் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்கணும், அதையே குடிக்கணும் என்று வைகுண்டர் வைத்த ஏற்பாடு. இன்னொன்றும் உண்டு, துவையல் தவசு. எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், தினமும் பல தடவை குளித்து, துணி துவைத்து, ஒருவேளை மட்டும் பச்சரிசியும் சிறுபயறும் பொங்கிச் சாப்பிட்டு வாழச் செய்தார். நான் டாக்டர், எனக்கு அதில் படுவது சுகாதாரம். லண்டனில் ஜான் ஸ்னோ காலராவுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று ஒரு தெருக் குழாயைக் காட்டியது 1854-இல். வைகுண்டர் 1851-லேயே வைகுண்டம் போய்விட்டார். கிருமி பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அழுக்காக வைக்கப்பட்ட மக்களுக்குத் தண்ணீரும் மாற்றுத் துணியும் முதல் மருந்து என்று தெரிந்திருந்தது.

உள்ளே பணிவிடைக்காரர் ஒருவர் வரிசையாக எல்லோர் நெற்றியிலும் திருநாமம் சாத்தி வந்தார். கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. கூட வந்த அண்ணன் மகன் நெற்றியில் வைத்தாயிற்று. என் முன்னால் வந்ததும் விரலை உயர்த்தியவர் நிறுத்திக்கொண்டார். என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். "வைக்கட்டுமா?" என்றார்.

"தப்பா நினைக்காதீங்க. நான் சபைக்காரன்" என்றேன்.

"அதுக்கென்ன" என்று சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை, ஏன் வந்தாய் என்ற பார்வையும் இல்லை.

வெளியே வந்து சட்டை போடும்போது கை நடுங்கியது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் ஒருவரிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை. அதை நாளை மறுநாள் எழுதுகிறேன். இன்றைக்கு முடியவில்லை.

மூன்றாம் நாள் - நாகர்கோவில்

விடாத மழை. வடசேரியில் முட்டளவு தண்ணீர் என்றார்கள். மதியம் கொஞ்சம் வெறித்தபோது கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பினோம். இரட்சணிய சேனை என்கிற கிறிஸ்தவ அமைப்பின் ஹாரி ஆண்ட்ரூஸ் டாக்டர் பட்டம் இல்லாமலே, கையில் இருந்த கொஞ்ச மருந்தோடு 1890-களில் நாகர்கோவிலில் தொடங்கிய வேலை இது. அவர் பிறகு முறையாக மருத்துவம் படித்தார். 1919-இல் வசீரிஸ்தானில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது காயம்பட்டவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றும் வேளையில் செத்துப்போனார். மறைவுக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். பெரியம்மாவுக்கு இரண்டு வாய்தான் இறங்கியது. மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் நான் நழுவினேன்.

நான்காம் நாள் - நெய்யூர்

சின்ன வயதில் காய்ச்சல் என்றால் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வந்த மிஷன் ஆஸ்பத்திரி. இன்று புற்றுநோய்ப் பிரிவு வரை பெரிதாக வளர்ந்திருக்கிறது. அந்த வராந்தாவில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: மண்ணில் கோடு கிழித்து விலகி நின்ற ஒரு நாட்டில், இங்கேதான் ஒரு ஆள் எல்லோருடைய நாடியையும் தொட்டுப் பார்த்தார்.

ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் வந்தார். அவர் போன பிறகு பல வருஷம் டாக்டரே இல்லை. 1850-களின் தொடக்கத்தில் சார்லஸ் லீச் வந்தார், அவரும் அதிக நாள் இருக்கவில்லை. 1861-இல் ஜான் லோ. உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர் அவர். கிளை ஆஸ்பத்திரிகள் பிறந்தது அப்படி உருவான ஆட்களால்தான். வெள்ளைக்கார டாக்டர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. மழையில் மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராகப் போன அந்தத் தமிழ் ஆட்களின் பெயர் எனக்கே தெரியாது. அது எங்கள் தலைமுறையின் கடன்.

அவர்கள் செய்ததை இன்றைய கண்ணால் யோசித்துப் பாருங்கள். ஒரு சாதிக்காரன் இன்னொரு சாதிக்காரனின் நிழலுக்கே ஒதுங்குகிறான். வயிறு வலித்தால் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஒருவர் வயிற்றை அமுக்கிய கையை டாக்டர் கழுவிவிட்டு அடுத்தவர் வயிற்றை அமுக்குகிறார். எத்தனை பேசினாலும் நடக்காத ஒன்று அந்தக் கைகழுவலில் நடந்தது.

ஹோவர்ட் சோமர்வெல்லைப் பற்றிப் பையனுக்குச் சொன்னேன். எவரெஸ்ட் ஏறப் போனவர் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. 1922-இல் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் செத்தார்கள். கூடவே போன சோமர்வெல் தப்பினார். தங்களில் ஒருவர்கூட அவர்களோடு சாகவில்லையே என்ற வேதனை அவரை விடவில்லை. அதன் பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் குவிந்து கிடந்த நோயாளிகளைக் கண்டார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறி, இறங்கும் வழியில் தொண்டை அடைத்துச் சாகக் கிடந்து பிழைத்து, திரும்பவும் நெய்யூருக்கே வந்தார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் இந்த ஊர் வயிறுகளைத்தான் அறுத்தார்.

அந்த நாளில் திருவிதாங்கூர் முழுக்க முன்சிறுகுடல் புண். ஏழைகள் மரச்சீனியையும் காரத்தையும் தின்று வாழ்ந்தார்கள், சாப்பாடுதான் காரணம் என்று டாக்டர்கள் நினைத்தார்கள். சோமர்வெல்லும் கூட்டாளிகளும் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்து ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்தார்கள். 1982-இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இந்தப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்கிற கிருமி காரணம் என்று கண்டார்கள். 2005-இல் நோபல் பரிசு. இன்று அந்த நோயாளி வந்தால் பதினாலு நாள் மாத்திரை கொடுத்து அனுப்புகிறேன். "அப்போ அவங்க அறுத்ததெல்லாம் வீணா சித்தப்பா?" என்றான் பையன். வீணில்லை. அடைத்துப்போன குடலோடு வந்தவனுக்கு அன்றைக்கு அந்த வழிதான் இருந்தது. ஆனால் இன்று நான் உறுதியாகச் செய்கிற எதை ஐம்பது வருஷம் கழித்து ஒரு பையன் இப்படிக் கேட்பான் என்று எனக்குள் ஓடியது.

ஒன்றைக் கேட்கப் பழகினால் இன்னொன்றும் கேட்கத்தான் வரும். அந்தக் காலத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் காலையில் ஜெபமும் பிரசங்கமும் முடிந்துதான் மருந்து என்பது பொது வழக்கம். நோயாளி எழுந்து போக முடியுமா? போனால் மருந்து கிடைக்குமா என்ற பயம் இருக்காதா? நான் இயேசுவை நம்புகிறவன். அவர் பெயரால்தான் இந்த வேலைக்கு வந்தேன், அதை மறைத்ததில்லை. அவர் பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனிடம் முதலில் கேட்டார், "சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா?" என்று. விருப்பம் கேட்ட பிறகுதான் குணமாக்கினார். இந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கவனிக்காமலே பிரசங்கித்திருக்கிறேன்.

சரி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு வர்ம வைத்தியம் செய்கிற ஆசான் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். புண் முற்றிக் குடல் ஓட்டையாகி வயிறு பலகை போல இருந்தது. மேசையில் படுக்க வைத்து, மயக்க மருந்து கொடுக்கும் முன், நான் அவர் தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தேன். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு கையுறை போட்டேன். ஓட்டையை மூடித் தைத்தேன், பிழைத்தார். ஒரு மாசம் கழித்து மட்டிப் பழக் குலையோடு வந்து நன்றி சொன்னார். போகும்போது வாசலில் நின்று, "டாக்டரே, அன்னைக்கு வேண்டாம்னு சொல்லத்தான் தோணிச்சு. கத்தி உங்க கையிலல்லவா இருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழக்குலையைப் பிடித்தபடி நான் நின்றேன்.

அடுத்த வருஷங்களில் வடக்கே போய்விட்டேன். நாளைக்கு அவரைப் பார்க்கப் போகிறேன்.

ஐந்தாம் நாள் - திருவட்டாறு

ஆசானுக்கு எண்பது நெருங்குகிறது. ரப்பர்த் தோட்டத்துக்குள் ஓட்டு வீடு, திண்ணையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பையன். எட்டு வயது இருக்கும், மாமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஆசான் அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் கையை விரித்து நீட்டினார். "மக்களே, தொடட்டா? நீ சொன்னாத்தான்." பையன் அம்மாவைப் பார்த்தான், பிறகு தானே அடிபட்ட கையை அவர் உள்ளங்கையில் வைத்தான். வீக்கத்தை அவர் தொடவே இல்லை. முதலில் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, நகம் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா என்று பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார். அப்புறம் முழங்கையிலிருந்து எண்ணெய் தடவிக்கொண்டே இறங்கி வந்தார். வலிக்கிற இடம் வரும்போது பையன் எந்த மாமரம், எத்தனை மாங்காய் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

கட்டுப் போட்டுவிட்டு, "எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்க. விரல் மரத்தாலோ நீலம் பாரிச்சாலோ ராத்திரியானாலும் கட்டை அவுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றார் அந்த அம்மாவிடம். எல்லா ஆசான்களும் இப்படிச் சொல்வதில்லை. மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டி, ரத்தம் ஓடாமல் கை கருத்து வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், ஒரு பிள்ளையின் கையை நானே எடுத்திருக்கிறேன். நாட்டு வைத்தியம் என்பதற்காகவே தலையில் வைத்துக் கொண்டாட என்னால் முடியாது. அந்தத் திண்ணையில் நான் கண்டது நல்ல மருத்துவம். அதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார், கூட இருந்தவர்களிடம் "இவர் தச்சதாக்கும்" என்றார். சாயா வந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அன்றைக்குக் கேட்காமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு விளக்கினார். உடம்பில் வர்மம் என்கிற உயிர்நிலைகள் நூற்றெட்டு. அதில் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு. "தொட்டாலே போதும்னு உள்ள இடங்க. அதனால எங்க வித்தையில தொடுறதுக்கு முன்னாடி உத்தரவு கேக்கணும். குருகிட்ட, அப்புறம் நோயாளிகிட்ட. உச்சந்தலை கொண்டைக்கொல்லி. எங்க அப்பா எனக்கு வித்தை தந்த அன்னைக்கு மட்டுந்தான் அங்க கை வச்சாரு. நீங்க கை வச்சப்ப எனக்கு அப்பா ஞாபகம் வந்துட்டு. பயமும் வந்துட்டு. ரெண்டும் சேந்து வந்துட்டு."

"இப்போ எப்படிச் செய்யிய?" என்று கேட்டார்.

சொன்னேன். இப்போது மேசையில் வைத்து யாரிடமும் கேட்பதில்லை. முந்தின நாள் வார்டில், கத்தி பிடிக்காத ஒருவர், பெரும்பாலும் சிஸ்டர், கேட்பார். வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லை என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டுத்தான் கேட்பார். வேண்டாம் என்கிறவர்களுக்காக நான் என் அறையில் தனியாக ஜெபிப்பேன், அதற்கு யார் தடை. ஆனாலும் கைநீட்டி நிற்கிற ஏழை "சரி" என்று சொல்வதில் எத்தனை பங்கு விருப்பம், எத்தனை பங்கு பயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அது எனக்கும் தெரியாது. அந்தப் பயலும் அம்மையைப் பாத்துட்டுல்லா கை தந்தான்" என்றார் ஆசான்.

திரும்பும் வழியில் அண்ணன் மகன் ஒரு விஷயம் சொன்னான். வகுப்பில் சம்மதம் பற்றிப் படித்திருக்கிறான், படிவம், சாட்சி, கையெழுத்து எல்லாம். 2008-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் சொன்னான். மயக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பதிலாக அவர் தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தது செல்லாது என்ற தீர்ப்பு. "அந்தத் தீர்ப்புப்படி பாத்தா, நாம பாட்டிக்குப் பதிலா அப்பாகிட்ட சம்மதம் கேட்டுட்டிருக்கோம் சித்தப்பா."

பைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் ரோட்டோரம் நின்றேன்.

ஆறாம் நாள் - முட்டம், திரும்பவும் மயிலாடி

விடியற்காலையில் முட்டம். மழைக்குப் பிறகு கடல் கலங்கி, பாறையில் அடித்து நுரை மேலே வரை தெறித்தது. நெய்யூரின் இரண்டாவது டாக்டர் லீச் 1854-இல் இங்கேதான் குளிக்கும்போது அலையில் போனார். பாறை மேல் நின்று அவருக்காகக் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தோம். அங்கிருந்து குளச்சல் பக்கம் உடையார்விளை வரை போய்த் திரும்பினோம், மிஷனின் தொழுநோய் மருத்துவமனை உள்ள ஊர். தொழுநோயாளிகளை அடைத்து வைக்க அனுமதித்த 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தை நம் நாடு நீக்கியது 2016-இல்தான். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்று இருந்ததை எடுத்தது 2019-இல். மாத்திரையில் குணமாகும் நோய் என்று 1980-களிலேயே தெரிந்துவிட்டது. மருந்து வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் மனசு வருகிறது.

மத்தியானம் மயிலாடி. அண்ணனை முதலில் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். "நான் எதையும் போட்டு உடைக்கப் போறதில்லை அண்ணே. அவங்களுக்கு எவ்வளவு தெரியணும்னு அவங்ககிட்ட கேக்கப் போறேன். வேண்டாம்னா விட்டுர்றேன்." அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நானும் கூட இருக்கேன்" என்றார். அவர் மறைத்ததும் பாசத்தில்தான். நம் வீடுகளில் நோய் ஒரு ஆளுக்கு வருவதில்லை, குடும்பத்துக்கே வருகிறது. நோயாளி தனி ஆள், அவர் முடிவு தனி முடிவு என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பதை இந்த வீட்டில் அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. அதற்காகப் பெரியம்மாவை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் பேசிக்கொள்வதும் சரியில்லை.

கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். அண்ணன் கால்மாட்டில்.

"பெரியம்மா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லல்ல. ரிப்போர்ட்டைப் பாத்துட்டேன். உங்களுக்கு எல்லாம் சொல்லணுமா, கொஞ்சம் சொன்னாப் போதுமா, இல்ல அண்ணனும் நானும் பாத்துக்கிட்டாப் போதுமா? நீங்க சொல்றபடி."

பெரியம்மா வளையலை நூலோடு சேர்த்து இரண்டு தடவை சுற்றினார்கள். சிற்பக்கூடத்தில் உளி அடித்துக்கொண்டிருந்தது.

"பேரு ஒண்ணும் வேண்டாம் மக்களே. பேரு கேட்டு என்ன செய்ய. ஒண்ணே ஒண்ணு சொல்லு. வலிக்குமா?"

வலி வரலாம் என்று சொன்னேன். வந்தால் மருந்து இருக்கிறது, மார்ஃபின் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்த பிறகு ஓடாமல் வரும் முன்னே கொடுப்பது. கூடவே மலம் இளக மருந்து. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினதற்கு அப்புறம் அது கிடைப்பது முன்னைவிட லேசு. வயிற்று நீரை ஊசி போட்டு வடித்தால் மூச்சு விட லேசாகும், திரும்பக் கோத்தால் திரும்ப வடிக்கலாம். முழுக்கக் குணமாக்க எங்களால் முடியாது என்பதையும் சொன்னேன். அண்ணன் அழுதார். பெரியம்மா அண்ணனைப் பார்த்து, "நீ எதுக்குல அழுகிய, இங்க வா" என்றார்கள்.

அதற்குப் பிறகு பேச்சு வேறெங்கோ போனது. மூத்த பேத்தி பிரசவத்துக்கு எப்போது வருகிறாள், அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு, அந்தப் பெரிய வெண்கல உருளி யாருக்கு. இத்தனை நாளாக இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

நான் எழுந்து பையனுக்கு இடம் விட்டேன். நீரை எப்போது வடிக்கலாம் என்று ஒருவர் பார்த்துச் சொல்லணும், நாளைக்கு நான் ரயில் ஏறிவிடுவேன். அவன் கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"பாட்டி, வயித்தைத் தொட்டுப் பாக்கட்டுமா?"

"பாரு மக்களே. கை ஐஸாட்டம் இருக்கும், தேய்ச்சுட்டுத் தொடு" என்றார்கள்.

அவன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்தான்.